உன்ர 11உம் என்ர 240உம்

வெள்ளவத்தை, கொழும்பு,
ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்.

மச்சான்,

நாலு மாதமாய் உனக்குப் பதில் எழுதேல்லை. பிழை என்னிலதான். நாங்கள் எல்லாரும் சுகம். சின்னவளுக்கு வேலை நிரந்தரமாயிட்டுது. எங்கட பழைய கூட்டாளி வெட்டுக்கிளியைக் காலி வீதியில கண்டனான், அந்த மூண்டு ரூபாயை அவன் இன்னும் மறக்கேல்லை. மற்றக் கதையெல்லாம் பிறகு.

இண்டைக்கு அலுமாரி ஒதுக்கேக்க உன்ர கடிதம் கையில தட்டுப்பட்டுது. "உனக்கு வெறுவயித்தில இரத்தச் சீனி 240 எண்டு எழுதினாய், எனக்கு 11 தானே, பாவற்காய்ச் சாறும் தேத்தண்ணிக்குப் பனங்கட்டியும் காணும், டொக்டர் தந்த குளிசையை நிப்பாட்டிட்டன்" எண்டு எழுதியிருக்கிறாய். அண்டைக்கு வாசிக்கேக்க எனக்கு ஒண்டும் பிடிபடேல்லை. இண்டைக்கு நெஞ்சு திக்கெண்டுது.

கனடாவில சீனியை அளக்கிற அலகு வேற, இஞ்ச வேற. உங்கட எண்ணை 18 ஆல பெருக்கினால்தான் எங்கட எண் வரும். பெருக்கிப் பார், 198. வெறுவயித்தில உங்கட 7, எங்கட 126, அதுக்கு மேல போனாலே அது நீரிழிவுதான். நீ அதையும் தாண்டி எவ்வளவு தூரம் போய் நிக்கிறாய்! கணக்கு வாத்தியார் இருந்திருந்தால் உன்னை வாங்கில ஏத்தி விட்டிருப்பார். பனங்கட்டியும் சீனிதான் மச்சான். பனையில இருந்து வந்ததெண்டு இரத்தத்துக்குத் தெரியாது.

என்ர கதையைக் கேள். நான் இன்சுலின் போடத் தொடங்கி ஒண்டரை வருசம். தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரு இடத்தில குத்தினால் நோகாது. அதால ஒவ்வொரு நாளும் அங்கயே குத்தினன். சீனி இறங்கேல்லை. டொக்டர் அளவைக் கூட்டினார். பிறகும் இறங்கேல்லை. நான் களவாய்ச் சாப்பிடுறன் எண்டு மனிசி சந்தேகப்பட்டு, வீட்டில பெரிய சண்டை. கடைசியில கிளினிக்கில நீரிழிவுக்கெண்டு இருக்கிற நேர்ஸ் மிசி, "ஐயா, சேட்டைத் தூக்குங்கோ" எண்டு வயித்தை விரலால தடவிப் பாத்தா. உள்ளுக்குள்ள கட்டி கட்டியாய்க் கொழுப்புத் தடிச்சுப் போயிருந்தது. அதுக்குள்ள போற மருந்து ஒழுங்காய் இரத்தத்தில சேராதாம், ஒரு நாள் சேரும், ஒரு நாள் அப்பிடியே நிண்டிடும். ஒண்டரை வருசமாய் ஒருத்தரும் கை வைச்சுப் பாக்காத இடம் அது! அவ படம் கீறித் தந்தா: வயித்தின்ர இரண்டு பக்கமும், தொடையும், ஒவ்வொரு முறையும் முந்திக் குத்தின இடத்தில இருந்து ஒரு விரல் தள்ளி, ஒவ்வொரு முறையும் புது ஊசி. டொக்டரோட கதைச்சிட்டு வந்து, "இடம் மாத்தினால் மருந்து முழுக்கப் பிடிக்கும், நாலு யூனிட் குறைச்சுப் போடுங்கோ" எண்டும் சொன்னவ.

இடத்தை மாத்தினன். அளவைக் குறைக்கேல்லை. திரும்ப ஏறிப்போடும் எண்ட பயம். மூண்டாம் நாள் இரவு இரண்டு மணியிருக்கும், முழிச்சால் சேட்டு நனைஞ்சு பிழியலாம் போல கிடக்கு, கை நடுங்குது, மனிசியின்ர பேரைக் கூப்பிட நினைக்கிறன், வாயில வரேல்லை. இவதான் எழும்பி விரலைக் குத்திப் பாத்தா. 48. எழுபதுக்குக் கீழ போனாலே உடன கவனிக்க வேணும். மூண்டு தேக்கரண்டி சீனி கரைச்சுப் பருக்கி, கால் மணித்தியாலம் இருந்து திரும்பப் பாத்தா. 82. பிறகு இரண்டு கிறீம் கிறேக்கர் தந்தா. விடியும்வரை என்ர கையை விடேல்லை. முப்பத்தொரு வருசத்தில அவ அழுது நான் கண்டது அண்டைக்கு இரண்டாந்தரம்.

அடுத்த கிளினிக்கில மிசி ஏசேல்லை. கொப்பியை வாங்கி, ஒவ்வொரு எண்ணுக்கும் நேரே என்ன சாப்பிட்டனான், எவ்வளவு நடந்தனான் எண்டு பக்கத்தில இருந்து எழுதிவிச்சா. இப்ப விடிய மரைன் டிரைவில தெகிவளைப் பக்கமாய் நடக்கிறன். சாப்பாடு பற்றிச் சொல்லித்தாற பிள்ளை புட்டை நிப்பாட்டச் சொல்லேல்லை. ஒரு சிரட்டை அளவு, குரக்கன் மா, அரைத் தட்டுக்கு மரக்கறி, அவ்வளவுதான். மூண்டு மாதச் சராசரிச் சீனிக் கணக்குச் சொல்லுற ஏ வன் சி பரிசோதனை 9.4 இல இருந்து 7.3 க்கு வந்திட்டுது. தனிய நிண்டிருந்தால் எனக்கு இது ஏலாது மச்சான், அதைத்தான் உனக்குச் சொல்ல வாறன்.

நீ இருக்கிறது எந்த ஊர்? ரொறன்ரோ! இன்சுலினை 1921இல கண்டுபிடிச்சதே உன்ர ஊர்ப் பல்கலைக்கழகத்தில. 1922 ஜனவரியில, உன்ர ஊர் ஆஸ்பத்திரியிலதான் 14 வயசுப் பெடியன் லெனாட் தொம்சனுக்கு முதன்முதல் ஏத்தினவை. முதல் ஊசி சரிவரேல்லை. மருந்தைச் சுத்தமாக்கி, பன்னிரண்டு நாளால திரும்ப ஏத்திப் பெடியனை மீட்டவை. கண்டுபிடிச்ச ஆக்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்துக்குக் குடுத்திட்டினம். அந்த ஊரில இருந்துகொண்டு பாவற்காயைப் பிழியிறாயே!

குளிசை வயித்தைக் கலக்குதெண்டால் சாப்பாட்டோட போடு, அப்பவும் கலக்கினால் டொக்டரிட்டச் சொல்லு, வேற வழி சொல்லுவினம். நீயாய் நிப்பாட்டாதை. நேர்ஸும் சாப்பாட்டு ஆலோசகரும் சேர்ந்து சொல்லித்தாற நீரிழிவுக் கல்வி நிலையங்கள் உங்கட ஒன்ராறியோவில இருக்கு. போ. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு உள்ளுக்குப் பாக்கச் சொல்லிக் கேள். காலையும் காட்டு. நைலோன் தும்பு ஒண்டால பாதத்தில தொட்டுத் தொட்டுத் தெரியுதோ எண்டு கேப்பினம், ஐஞ்சு நிமிசம்கூட எடுக்காது. "குளிருக்குப் பாதம் விறைக்குது" எண்டு கடிதத்தின்ர கடைசியில ஒரு வரி எழுதியிருக்கிறாய். அது குளிராலயோ, சீனியாலயோ எண்டு அவையள் பாத்துச் சொல்லட்டும். உன்ர ஐயாவை அந்த வாட்டில நாங்கள் இரண்டுபேரும்தான் தூக்கி இருத்தினனாங்கள். அதுக்கு மேல நான் எழுதேல்லை.

இந்தக் கடிதத்தைத் தங்கச்சியிட்டயும் வாசிக்கக் குடு. ஒளிக்காதை. வெள்ளிக்கிழமை உங்கட இரவு எட்டு மணிக்கு, எங்களுக்குச் சனி விடிய, நான் போன் எடுப்பன். எந்த நாளைக்கு எந்த டொக்டரிட்டப் போறாய் எண்டு அப்ப எனக்குச் சொல்ல வேணும். மருமகன் மாசியில வரேக்க சொக்கலேட் குடுத்து விடாதை, உன்ர ரிப்போட்டைக் குடுத்துவிடு.

உன்ர,
வெள்ளவத்தையான்