தீக்காயமும் முதல் வாரத்துக் காகிதங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கஞ்சிக்கோட்டு இரும்பு உருக்காலைகளில் உலை பொங்கித் தொழிலாளர்கள் தீக்காயமடைந்தார்கள் என்ற செய்தி தங்கள் நாளிதழின் பாலக்காடு பக்கத்தில் வரும்போதெல்லாம், அதன் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "சிகிச்சைச் செலவை நிறுவனமே ஏற்றுக்கொண்டுள்ளது." அந்த வரியோடு செய்தி முடிந்துவிடுகிறது. கொழிஞ்சாம்பாறையில் வசிக்கும் நான் கஞ்சிக்கோட்டில் ஓர் ஆலையின் டைம் ஆபீஸில் (ஆட்களின் வருகையைப் பதியும் அலுவலகத்தில்) 22 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். என் அக்கா மகன் (எனக்கு மருமகன் முறை) வேறோர் ஆலையில் உலையடியில் வெந்தவன். எனவே அந்தக் கடைசி வரிக்குப் பிறகு நடப்பதைப் பற்றிச் சிலவற்றை எழுத எனக்கு உரிமை உண்டென்று நினைக்கிறேன். வேலையில் ஏற்பட்ட காயத்துக்கான மருத்துவச் செலவை முதலாளி தர வேண்டும் என்பதும், அதை இழப்பீட்டுத் தொகையில் கழிக்கக் கூடாது என்பதும் அப்போது நடப்பிலிருந்த 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவிலேயே எழுதப்பட்டவை. ஆகவே 'ஏற்றுக்கொண்டுள்ளது' என்று நாம் அச்சிடுவது கடனைத் திருப்பிக் கொடுத்தவனைக் கொடைவள்ளல் என்று எழுதுவதற்குச் சமம்.

நடந்ததைச் சொல்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன், இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்திருந்த ஓர் இரவு ஷிப்ட். உருக்க வேண்டிய ஸ்கிராப் (பழைய இரும்பு) முழுவதும் கூரையில்லாத முற்றத்தில் நனைந்து கிடந்தது. அதை அப்படியே அள்ளி உலையில் போட்டார்கள். உருகிய எஃகு ஏறக்குறைய 1,600 டிகிரி வெப்பத்தில் இருக்கிறது. அதற்கடியில் ஒரு குவளை நீர் அகப்பட்டுக்கொண்டாலும் போதும், அது ஆவியாகும்போது தன்னைப்போல் 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். இரு முனையும் மூடிய பழைய ஷாக் அப்சார்பர், வால்வு திறக்காத சிலிண்டர், வாய் நசுங்கிய குழாய் ஆகியவை அதைவிட மோசம். இவற்றைப் பிரித்தெடுக்கவும், நனைந்ததை உலர்த்திப் போடவும் ஆள் வைக்க வேண்டும் என்பது உலை ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். அன்றிரவு அந்த ஆள் இல்லை. வெடித்துச் சிதறிய உலோகம் என் மருமகனின் இரண்டு முன்கைகளிலும் கழுத்திலும் விழுந்தது. அவன் போட்டிருந்தது பாலியஸ்டர் சட்டை. அது எரியாமல் உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது.

உடனிருந்தவர்கள் பதறிப்போய்ப் பற்பசையைத் தடவினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு யாரும் எதுவும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. செய்ய வேண்டியதெல்லாம் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவதும், வீங்குவதற்கு முன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றுவதும், சுத்தமான துணியால் மூடுவதும்தான். பற்பசை, மஞ்சள், மை, பனிக்கட்டி எதுவும் ஆகாது. அவனுடைய கல்யாண மோதிரத்தைப் பிறகு கட்டிங் பிளேயரால் வெட்டித்தான் எடுத்தார்கள். இரண்டு துண்டாக அது இன்றும் என் அக்காவின் அஞ்சறைப் பெட்டியில் மிளகுக் கிண்ணத்துக்குள் கிடக்கிறது.

இனி வருவது எல்லைப் பகுதிக்கே உரியது. காண்ட்ராக்டரின் மேஸ்திரி அவனைப் பாலக்காட்டுப் பக்கம் கொண்டுபோகாமல், காரில் ஏற்றி வாளையாறு சோதனைச் சாவடி தாண்டித் தமிழ்நாட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார். நல்ல சிகிச்சைக்காக என்றார்கள். சிகிச்சை நல்லதாகவே இருந்தது. ஆனால் மயக்க ஊசி போட்டுக் கிடந்தவனுக்குப் பதிலாக, அவன் எப்படி வெந்தான் என்பதை விபத்துப் பதிவேட்டில் சொன்னவர் அந்த மேஸ்திரிதான். 'வீட்டில் எரிவாயு அடுப்பு' என்று பதிவாயிற்று. மருத்துவமனையிலிருந்து தமிழ்நாட்டுக் காவல் நிலையத்துக்குப் போன தகவலிலும் அதுவே. விபத்து நடந்தது கேரளத்தில். அதை விசாரிக்க வேண்டிய கேரள தொழிற்சாலைகள் மற்றும் கொதிகலன்கள் துறைக்கு ஒரு துண்டுக் காகிதமும் போகவில்லை. ஒரு தொழிலாளி 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாத காயம் என்றாலே ஆலை மேலாளர் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று அப்போது நடப்பிலிருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 88-ஆம் பிரிவு சொல்லியது. சோதனைச் சாவடியைக் கடந்த அரை மணி நேரத்தில் ஒரு தொழிற்சாலை விபத்து வீட்டு விபத்தாக மாறிவிட்டது என்பதே எங்களுக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

அவன் அந்த ஆலையில் வேலை செய்தான் என்பதற்கே சான்று தேட வேண்டியதாயிற்று. மஸ்டர் ரோலில் (ஆட்களின் வருகைப் பதிவேட்டில்) பெயர் இல்லை. இதில் நான் யோக்கியன்போல் எழுதக் கூடாது. எங்கள் ஆலையிலும் புதிதாக வரும் காண்ட்ராக்ட் ஆட்களின் பெயரை முதல் மாதம் பென்சிலில்தான் எழுதுவோம். ஒருமுறை கால் நசுங்கிய ஒருவருடைய பெயரை, மேலே இருந்து சொன்னார்கள் என்பதற்காக, என் கையாலேயே ரப்பர் வைத்து அழித்திருக்கிறேன். அவர் ஜார்க்கண்டுக்குத் திரும்பிப் போய்விட்டார். எங்கள் பக்கத்துப் பையன்கள் விட்டுவிட்ட உலை வேலையை இப்போது பெரும்பாலும் அவரைப் போல வெளிமாநிலத்திலிருந்து வருகிறவர்கள்தான் செய்கிறார்கள். என் மருமகனுக்குக் கைகொடுத்தது அவனுடைய செல்போன்: "நாளைக்கு நைட்டு ஷிப்டுக்கு ஆள் பத்தல, ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்துரு" என்று மேஸ்திரி அனுப்பிய குரல் பதிவும், வாரக்கூலி வந்து விழுந்த வங்கிக் குறுஞ்செய்திகளும் அதில் அழியாமல் இருந்தன.

மருத்துவமனையை விட்டு வரும் நாளில் ஒரு முத்திரைத் தாளை நீட்டினார்கள். ரூ.75,000 பெற்றுக்கொண்டதாகவும், இனி நிறுவனத்தின் மீதோ காண்ட்ராக்டர் மீதோ எந்தக் கோரிக்கையும் இல்லையென்றும் அதில் ஆங்கிலத்தில் அடித்திருந்தது. கட்டுப் போட்ட கையால் கையெழுத்திட முடியாததால் கால் பெருவிரல் ரேகை வாங்கினார்கள். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதப்படும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று அதே 1923 சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்வதையும், இழப்பீட்டுத் தொகை பற்றிய உடன்பாடு என்றால் அதை அச்சட்டப்படி இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் ஆணையரிடம் பதிவுசெய்ய வேண்டும் என்று 28-ஆம் பிரிவு சொல்வதையும் அன்று நாங்கள் அறிந்திருக்கவில்லை. ஒருவர் இறந்துபோனால் விதி இன்னும் கடுமையானது: முதலாளி தொகையை ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும், குடும்பத்தார் கையில் நேராகக் கொடுத்தால் அது இழப்பீடு கொடுத்ததாகவே கணக்கில் வராது. காசோலை வழங்கும் படங்களை வெளியிடும்போது இதைத் தங்கள் நிருபர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

காண்ட்ராக்டர் ஆள், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்ற பதிலும் நிற்காது. ஆலையின் வழக்கமான வேலையை ஆலைக்குள் காண்ட்ராக்டர் மூலம் செய்வித்தால், 12-ஆம் பிரிவின்படி முதன்மை முதலாளியிடமே இழப்பீடு கேட்கலாம். பிறகு அவர் காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்வது அவர் பாடு. கையுறை போடாதது அவன் தவறு என்றும் வாதாடினார்கள். தொழிலாளியின் கவனக்குறைவு இச்சட்டத்தில் தடையே அல்ல. வெளிப்படையான உத்தரவை வேண்டுமென்றே மீறியதாகவோ பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றியதாகவோ முதலாளிதான் காட்ட வேண்டும். கொடுக்கப்படாத கையுறையை அகற்றுவது எப்படி என்று எங்கள் வக்கீல் கேட்டதற்கு இன்றுவரை பதில் வரவில்லை.

அவன் குடியிருப்பது க.க.சாவடியில், அதாவது தமிழ்நாட்டில். வேலை கேரளத்தில் என்பதால் பாலக்காட்டுக்குத்தான் அலைய வேண்டும் என்று பலரும் பயமுறுத்தினார்கள். அது சரியல்ல. விபத்து நடந்த இடத்தின் ஆணையரிடமோ, தொழிலாளி வழக்கமாக வசிக்கும் இடத்தின் ஆணையரிடமோ, முதலாளியின் பதிவு அலுவலகம் இருக்கும் இடத்தின் ஆணையரிடமோ மனுச் செய்யலாம் என்று 21-ஆம் பிரிவு வழி விட்டிருக்கிறது. எங்கள் மனு தமிழ்நாட்டுப் பக்கமே தாக்கலானது. அச்சட்டப்படி விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டியிருந்தது. எங்களுக்கு இருபத்தோராவது மாதத்தில்தான் புத்தி வந்தது. கேரளத்தின் உள்ளே வசிக்கும் எம்மைப் போன்றவர்களுக்கு இன்னொன்று: 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் தரப்பட வேண்டும். சித்தூர் வட்டத்தில் எத்தனை பேர் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் வருத்தமே மிஞ்சும்.

தீக்காயத்துக்கென்று உள்ள தனிச் சிக்கல் இதுதான். சட்டத்தின் முதல் அட்டவணை உறுப்பு இழப்பைத்தான் பேசுகிறது: கட்டைவிரல் போனால் 30 விழுக்காடு, ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50 விழுக்காடு. முகம் மிகக் கடுமையாகச் சிதைந்தால் முழு 100. ஆனால் வெந்த கையில் விரல்கள் ஐந்தும் இருக்கின்றன. தழும்பு இறுகி, அவை உள்ளங்கையை நோக்கி மடங்கி நிற்கின்றன. அட்டவணையில் இல்லாத இத்தகைய காயத்துக்கு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்பதைத் தகுதிபெற்ற மருத்துவர் மதிப்பிட வேண்டும். அங்கேதான் வழுக்கிவிடுகிறார்கள். உடல் ஊனம் 30 விழுக்காடு என்று மருத்துவர் எழுதினால் அதையே சம்பாதிக்கும் திறன் இழப்பாகவும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். தொடையிலிருந்து மெல்லிய தோலெடுத்து ஒட்டிய இடத்தில் வியர்வை சரியாகச் சுரக்காது. உலைக்குப் பத்தடி தூரத்தில் கூட அவனால் நிற்க முடியாது. தழும்பு தடிக்காமல் இருக்க நாளொன்றுக்கு 23 மணி நேரம் இறுக்கமான கையுறைபோன்ற உறையை ஓராண்டுக்கு மேல் போட்டிருந்தான். பதினைந்து ஆண்டுகளாக அவனுக்குத் தெரிந்த ஒரே தொழில் உலை வேலை. அந்தத் தொழிலில் அவன் இழந்தது 30 விழுக்காடா?

கணக்கைப் பாருங்கள். விபத்தின்போது வயது 35; அந்த வயதுக்குச் சட்டம் தரும் காரணி (பெருக்கல் எண்) 197.06. 2020 ஜனவரி 3 முதல் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாதச் சம்பள உச்சவரம்பு ரூ.15,000. அதில் 60 விழுக்காடு ரூ.9,000. இரண்டையும் பெருக்கினால் முழு நிரந்தர ஊனத்துக்கு ரூ.17,73,540. முப்பது விழுக்காடு என்றாலே ரூ.5,32,062 வருகிறது. கால் ரேகை வாங்கிக் கொடுத்தது ரூ.75,000. இடக்கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்ட ஒரு தச்சர் இனித் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் அது முழு ஊனமே என்று பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட தீர்ப்பு 1976-ஆம் ஆண்டுத் தொகுப்புகளிலேயே இருக்கிறது. விபத்து நடந்த நாளிலேயே இழப்பீடு செலுத்தும் கடமை பிறந்துவிடுகிறது என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். ஒரு மாதத்துக்குள் செலுத்தாவிட்டால் 12 விழுக்காடு வட்டியும், தக்க காரணமின்றித் தாமதித்தால் தொகையில் பாதி வரை தண்டமும் உண்டு.

இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில்) முறையாகச் சேர்க்கப்பட்டவருக்கு வழி வேறு. மாதம் ரூ.21,000 வரை சம்பளம் வாங்குவோர் அதில் வர வேண்டும். வேலைக்காயம் என்றால் இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. தற்காலிக ஊனக் காலத்துக்குச் சம்பளத்தில் 90 விழுக்காடு கிடைக்கும். அவர்கள் 1923 சட்டத்தின் கீழும் சேர்த்துக் கேட்க முடியாது. என் மருமகனின் இ.எஸ்.ஐ. எண் விபத்துக்கு மறுநாள் காலை உருவாக்கப்பட்டது என்பதைக் கணினி அச்சே காட்டிக்கொடுத்தது. இந்தக் கடிதத்தில் நான் சொன்ன பிரிவு எண்களெல்லாம் அவனுடைய விபத்துக்குப் பொருந்தும் பழைய சட்டங்களினுடையவை. 2025 நவம்பர் 21 முதல் 1923 சட்டத்தின் இடத்துக்கு 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்துவிட்டது. புதிதாக மனுச் செய்வோர் பிரிவு எண்களையும் விதிகளையும் அதில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தங்களிடம் நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. உலை விபத்துச் செய்தி எழுதும் நிருபர், காயமடைந்தவரின் மருத்துவமனைப் பதிவேட்டில் விபத்து நடந்த இடம் என்னவென்று எழுதியிருக்கிறது என்றும், தொழிற்சாலைகள் துறைக்கு அறிவிப்புப் போயிற்றா என்றும், காயமடைந்தவரின் பெயர் எந்தத் தேதியில் மஸ்டர் ரோலில் ஏறியது என்றும் ஒரு வார்த்தை விசாரித்து எழுதட்டும். மூன்று மாதம் கழித்து அதே வீட்டுக்கு ஒருமுறை போய் வரட்டும். அந்த முத்திரைத் தாளின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். பெயர்களைக் கறுப்பு மையால் மறைத்துவிட்டேன், கால் ரேகையை மட்டும் மறைக்கவில்லை. இடமிருந்தால் அதையும் அச்சிடலாம். வழக்கு நடந்துகொண்டிருப்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டைம் கீப்பர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.