கார்பன் காப்பி

அன்பு மகன் செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. கொல்லைத் தென்னையில் குரும்பை உதிர்கிறது, உப்பு வைத்திருக்கிறேன்.

மூன்று ஞாயிறாக நீ போனில் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேசவில்லை. வேலை அதிகம் என்றாய். சரி. இங்கத்திய டெபாசிட் வட்டியைக் காட்டவில்லை என்று ஆஸ்திரேலிய வரி ஆபீஸிலிருந்து உனக்குக் கடிதம் வந்ததை மருமகள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

எதிர்வீட்டு ஆடிட்டரிடம் பேர் சொல்லாமல் விசாரித்தேன். அவருக்குப் புரிந்திருக்கும். நோட்டீஸ் வந்த 60 நாளுக்குள் ஆட்சேபத்தை எழுதி அனுப்பிவிடு. அதற்கு மேலும் அவகாசம் உண்டா என்று ஆராய்ந்துகொண்டு இருக்காதே. வரி பாக்கி 8,000 டாலரில் சண்டை வேண்டாம், அது கட்டவேண்டியதுதான். அபராதத்தைப் பிடி. வரி பாக்கியில் 50 சதவீதம் போட்டிருக்கிறார்களாம். விளைவைப் பற்றிக் கவலையே படாமல் துணிந்தவனுக்குத்தான் 50. தெரிந்தே மறைத்தால் 75, கவனக்குறைவு என்றால் 25. நீ துணிந்தவனா? கணக்கு வாத்தியார் கூட்டலில் தவறிப்போட்ட மூன்று மார்க்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவன். ஆனால் அதை நிரூபிக்கவேண்டியது நீதான், அவர்கள் இல்லை. ஆட்சேபம் போட்டாலும் வட்டி ஓடும். முடிந்ததைக் கட்டிவிடு.

ரிட்டர்னில் வெளிநாட்டு வருமானம் உண்டா என்று கேட்டிருப்பார்களே, அங்கே நீ என்ன... வேண்டாம், எனக்குச் சொல்லவேண்டாம். உன் டாக்ஸ் ஏஜென்டிடம் சொல். எல்லாவற்றையும் சொல். முதலிலேயே அவரிடம் எல்லாம் கொடுத்திருந்து அவர் தவறவிட்டிருந்தால் உனக்கு இந்த அபராதமே வந்திருக்காது. அவர்கள் கேட்கும் முன் நீயாகப் போய்ச் சொல்லியிருந்தால் அபராதத்தில் 80 சதவீதம் கழிந்திருக்கும். இவ்வளவு படித்தவனுக்கு ஒரு வார்த்தை விசாரிக்கத் தோன்றவில்லையா?

எப்படித் தோன்றும். நான்தானே சொன்னேன்.

நேற்று ராத்திரி பரணிலிருந்து ஃபைலை இறக்கினேன். 2016-இல் உனக்கு எழுதியதன் கார்பன் காப்பி இருக்கிறது. நீலம் மங்கிவிட்டது, ஆனாலும் படிக்க வருகிறது. "என்.ஆர்.இ. டெபாசிட் வட்டிக்கு வரி கிடையாது. யாரிடமும் சொல்லவேண்டியதும் இல்லை. முப்பது வருஷம் பாங்கில் இருந்தவன் சொல்கிறேன்." கடைசி வரிக்கு அடியில் கோடு வேறு போட்டிருக்கிறேன்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே போடும் அந்த டெபாசிட்டுக்கு இங்கே வரி கிடையாது என்பது சரி. ஆஸ்திரேலியாவில் குடியிருப்பவனுக்கு எந்த நாட்டில் வந்த வட்டியும் அங்கே கணக்கு என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாயும் வரவில்லை. தற்காலிக விசாவில் இருந்தவரை இந்த வட்டியை அவர்கள் கேட்டிருக்கமாட்டார்களாம், பி.ஆர்., அதாவது நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதி, வந்ததும் எல்லாம் மாறிவிட்டதாம். பி.ஆர். வந்த அன்று நான் சாரங்கபாணி கோயிலில் அர்ச்சனை செய்துகொண்டிருந்தேன். இங்கத்திய பாங்குக் கணக்கு விவரம் வருஷாவருஷம் அங்கே போகும் ஏற்பாடு நான் ரிட்டயரான பிறகு வந்தது. அதைச் சாக்காகச் சொல்லவில்லை.

காப்பியை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆட்சேபத்தோடு சேர்த்துக் கொடு. அப்பா பேச்சை நம்பினேன் என்று எழுது, எனக்கு மரியாதைக் குறைச்சல் என்று பார்க்காதே. இதனால் அபராதம் முழுதும் போகாது, ஆடிட்டரும் அதைத்தான் சொன்னார். 50 என்பது 25 ஆனால் 2,000 டாலர் மிச்சம். ஒப்புக்கொள்ளாவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், 2024 அக்டோபரிலிருந்து பழையதற்குப் பதில் புதுத் தீர்ப்பாயமாம். அவர்கள் பதில் வந்ததிலிருந்து அதற்கும் 60 நாள்தான். வேறு ஏதாவது டெபாசிட், வாடகை விட்டுப்போயிருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடு. பட்டுக்கோட்டை விஷயம் உட்பட.

60 நாள். காலண்டரில் குறித்துக்கொள்.

காப்பி தமிழில் இருப்பதால் அங்கே அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் யாரிடமாவது கொடு. நான் போட்ட அடிக்கோட்டையும் விடாமல் போடச் சொல்.

இப்படிக்கு,
அப்பா