சுனைக்குழியைக் காத்துத் தந்தவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு, பல்கலைக்கழக அகழாய்வுப் பயிற்சி முகாமின் வணக்கம். எங்கள் அகழாய்வுக் குழியில் சுனைத்தண்ணீர் ஊறி நிறைய, அதை இறைத்துக் குழியைக் காத்த அந்த மூன்று நாளும் நீங்கள் கூடவே நின்றவர்கள்; நடந்ததை முழுதாகத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. கையில் ஒட்டிய செஞ்சேறு இன்னும் போகவில்லை, அதற்குள் எழுதிவிடுகிறோம்.

முதல் நன்றி கிணறு வெட்டும் தாத்தாவுக்கு. அவர் கொண்டுவந்தது ஒரு பழைய மூங்கில் கூடையும் ஒரு சாக்குத் தேங்காய் நாரும்தான். தண்ணீரை உறிஞ்சும் குழாயின் அடிமுனையிலுள்ள புட்வால்வில் சேறு அடைத்து மோட்டார் நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. ஏற்கெனவே தோண்டி, வரைந்து முடித்த மூலையில் (வேறெங்கும் கைவைக்க விட்டிருக்க மாட்டோம்) இரண்டடிப் பள்ளம் பறிக்கச் சொன்னார். கூடையைப் பள்ளத்தில் இறக்கி, வெளிப்புறம் நான்கு விரல் கனத்துக்கு நாரைத் திணித்து, புட்வால்வைக் கூடைக்குள் வைத்தார். சேறு நாரிலேயே நின்றுவிட்டது. நாரை மட்டும் அவ்வப்போது அலசிப் போட்டால் போதும்.

"ஒரேயடியா இறைச்சுப்போடாதீங்க கண்ணு, சுவரு உக்காந்துரும்" என்றார். உண்மைதான். குழித்தண்ணீர் வேகமாக இறங்கினால் மண்ணுக்குள் ஊறிய நீர் வடிய நேரமிருக்காது. கனத்த சுவர் தாங்கலில்லாமல் சரியும். மணிக்கு ஒரு சாண் என்று இறக்கினோம். குழிகளுக்கு நடுவே திட்டு விட்டுத் தோண்டும் கட்டமுறையைத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1944இல் தட்சசீலப் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுத்தார். அந்தத் திட்டுச் சுவர் விழுந்தால் எந்த அடுக்குக்கு மேல் எது என்ற மண்ணடுக்குக் கணக்கே போய்விடும். எங்கள் நான்கு சுவரும் நிற்கின்றன.

சாக்கு, தார்ப்பாய், டீசல், ராத்திரிக் கட்டன்சாயா கொடுத்த எல்லோருக்கும், வரப்பை வெட்டி நீரைத் திருப்பிவிட்ட தோட்டக்கார அண்ணன்களுக்கும் மொத்தமாக ஒரு கும்பிடு.

கல்யாண அண்டாவைத் தூக்கிக் கொடுத்த அக்காவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். குழியில் எங்களுக்குக் கிடைத்த மரத்துண்டு, சேற்றில் காற்றுப் படாமல் கிடந்ததால்தான் மக்காமல் இருந்தது. கேரளத்தில் பட்டணம் என்ற ஊரின் அகழாய்வில் 2007இல் பழைய தோணி கிடைத்ததும் அப்படித்தான். வெயிலில் வைத்திருந்தால் சுருங்கி வெடித்திருக்கும். இப்போது அண்டாத் தண்ணீரில் பத்திரமாக மூழ்கிக் கிடக்கிறது.

அடுத்த ஆண்டு முதல் கரணை மண்ணில் படுவதற்கு முன்பே கூடையும் நாரும் தயாராக இருக்கும். இந்தச் சுனைத்தண்ணீர் ஊறும்போது தெளிவாக இருந்தாலும், காற்றுப் பட்டதும் அதிலுள்ள இரும்பு துருவாகப் படியும். அண்டாவிலும் ஏறிவிட்டது. புளி போட்டுத் தேய்த்துத்தான் திருப்பித் தருவோம், அக்கா.