கயிற்றரவும் ஹுஸ்ஸெர்லும்

ஆசிரியருக்கு,

பினாமினாலஜி எனப்படும் நிகழ்வியல் (பொருள்கள் நம் அனுபவத்தில் எப்படித் தோன்றுகின்றன என்று ஆராயும் மெய்யியல்) பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, அதைத் தொடங்கிவைத்த எட்முண்ட் ஹுஸ்ஸெர்ல் உலகத்தை மாயை என்று கண்டதாகச் சொல்லிக் கயிற்றரவை, அதாவது இருட்டில் கயிறு பாம்பாகத் தெரிவதை, உதாரணம் காட்டுகிறது. உதாரணம் நல்லதுதான். ஆனால், அது கட்டுரையாளருக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

மேசையைப் பார்க்கிறோம், முன்பக்கம்தான் தெரிகிறது. பின்பக்கமும் உண்டு என்ற எதிர்பார்ப்பு அந்தப் பார்வைக்குள்ளேயே இருக்கிறது. இதை உள் தொடுவானம் என்பார் ஹுஸ்ஸெர்ல். மேசையைச் சுற்றி அறை, அறைக்கு அப்பால் தெரு என்று விரிவது வெளித் தொடுவானம். இவை எல்லாவற்றையும் தாங்கும் தொடுவானமே உலகம். இருக்கும் பொருள்களின் கூட்டுத்தொகை அன்று. பாம்பு கயிறாகும்போது பாம்பு மட்டுமே போகிறது. தரையும் இருட்டும் பார்க்கிறவனும் இருந்த இடத்தில் இருக்க, திருத்தம் உலகத்துக்குள்ளேயே நடந்து முடிகிறது. ஒரு பொருள் பொய்யானதை வைத்து உலகமே பொய் என்று தாவ முடியாது.

1913-இல் வெளிவந்த ‘ஐடியாஸ்’ முதல் தொகுதியில் அவர் நிறுத்திவைப்பது, ‘உலகம் இருக்கிறது’ என்ற நம்பிக்கையைக் கேள்வியின்றிப் பயன்படுத்துவதை மட்டும்தான். உலகத்தை மறுக்கவில்லை, ஐயப்படவுமில்லை என்று 32-ஆம் பிரிவிலேயே சொல்லிவிடுகிறார். குழப்பத்துக்கு இடம் கொடுப்பது 49-ஆம் பிரிவு: உலகம் அழிந்தாலும் உணர்வு (பிரக்ஞை) எஞ்சும் என்கிறது. அங்கும் அனுபவத்தின் ஒழுங்கு முழுவதும் சிதறிப்போவதாகக் கற்பனை செய்தே அந்த முடிவுக்கு வருகிறார். ஒற்றைப் பாம்பு அதற்குப் போதாது.

கட்டுரை ஒரே வரியில் கடந்துபோன ஜெர்மன் மெய்யியலாளர் ஹைடெகர், 1927-இல் இன்னொரு வழி பிடித்தார். சுத்தியல் ஆணிக்காக, ஆணி பலகைக்காக, பலகை வீட்டுக்காக, வீடு குடியிருக்க. இந்தப் பின்னலின் வழியாகத்தான் அவர் உலகத்தை அணுகுகிறார். வேலை ஓடும்வரை அது கண்ணில் படாது. கருவி உடைந்தால், தேடும்போது இல்லாமற்போனால், வேண்டாத ஒன்று குறுக்கே கிடந்தால், அப்போது தெரியும். இங்கே பலரும் சறுக்குகிறார்கள்: முதலில் மரமும் இரும்புமான ஒரு பொருள், பிறகு அதன்மேல் பயன்பாடு ஒட்டப்படுகிறது என்று படிக்கிறார்கள். அவர் சொல்வது இதற்கு நேர்மாறு.

மெட்டாபிசிக்ஸ், அதாவது இருப்பின் அடிப்படை இயல்பு, பற்றிப் பேசுவதானால், ஹுஸ்ஸெர்லின் உதவியாளராக இருந்த ஆய்கன் ஃபிங்க்கை விட்டிருக்கக் கூடாது. தொடுவானம் என்றாலே அதைப் பார்க்கும் ஒருவர் வேண்டும். பொருள்களுக்கு இடமும் காலமும் தரும் உலகத்தைப் பார்ப்பவரோடு எப்படிக் கட்டிப்போடுவது என்பது அவர் எழுப்பிய தடை. ஹுஸ்ஸெர்லோடு மல்லுக்கு நிற்க விரும்புகிறவர்களுக்கு மாயையைவிட இது வலுவான பிடி.

மெய்யியல் வாசகர்,
திருச்சி