மலை அத்தை பெயர்

அம்மாப்பேட்டை, சேலம்
தை 14

அன்புள்ள தேன்மொழிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நீயும் பேரனும் நலமா? மாப்பிள்ளையையும் விசாரித்ததாகச் சொல்.

இதைப் போனிலேயே தட்டியிருக்கலாம். தட்டிவிட்டு அந்த இரண்டு டிக் நீலமாகிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு ஒத்துவரவில்லை. தபாலில் போட்டுவிட்டால் நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்க்கலாம்.

தீபாவளிப் பார்சல் வந்ததா? தட்டுவடையை டப்பாவில் போட்டு, சுற்றிலும் பழைய பேப்பர் திணித்துக் கட்டியது அம்மா. நீ அனுப்பிய புது முகவரிக்குத்தான் போட்டேன். கூரியர் கடைப் பையன், “இந்த ஒரு பேர் மட்டும் போதுமா சார்?” என்று கேட்டான். நீ அனுப்பியதில் உன் பெயர் மட்டும்தான் இருந்தது. அந்த ஊரில் அப்படித்தான் எழுதுவார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீடு மாறினால் செலவு இருக்கும். பணம் ஏதாவது வேண்டுமென்றால் சொல். ராத்திரியில் தனியாக வண்டி ஓட்டாதே.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பேரன் பள்ளியில் வரையச் சொன்ன மரத்தில் மாப்பிள்ளை பக்கம் ஆறு தலைமுறை நிரம்பிவிட்டது, நம் பக்கம் மூன்றோடு நிற்கிறது என்றாய். அவர்களுக்கென்ன, இங்கிலாந்தில் 1841-லிருந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுக்கு வீடு, பெயர் பெயராக எழுதி வைத்திருக்கிறார்கள். நூறு வருஷம் கழித்துத் திறந்தும் விடுகிறார்கள். 1921 கணக்கை 2022-ல் திறந்தபோது மாப்பிள்ளை விடிய விடியத் தேடினார் என்று நீதான் சொன்னாய். 1931 தாள்கள் தீயில் போனது ஒன்றுதான் அவர்களுக்குக் குறை.

இங்கே கணக்கெடுப்பில் தேடாதே, நேரம் வீண். மெட்ராஸ் மாகாணத்தில் 1871-லிருந்து எடுக்கிறார்கள். அச்சில் வந்ததெல்லாம் எண்ணிக்கைதான். தாலுகாவில் ஆண் இத்தனை, பெண் இத்தனை, எழுதப் படிக்கத் தெரிந்தவர் இத்தனை. பெயர் எழுதிய சீட்டுக்கு, எண்ணி முடித்ததோடு வேலை முடிந்தது. அதுபோக 1948 சட்டத்தில் 15-வது பிரிவு என்று ஒன்று உண்டு. எழுதியதை வெளியாள் பார்க்கக் கேட்க முடியாது, சாட்சியமாகக் கோர்ட்டிலும் காட்ட முடியாது. நான் 1981-லும் 1991-லும் கணக்கெடுக்கப் போனவன், அதனால் சொல்கிறேன்.

அந்தச் சீட்டுகள் கிடைத்தாலும் எவ்வளவு நம்பலாம் என்பது வேறு கதை. ஏற்காடு மலை மேலே பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். “அதான் சார், பழனியில இருக்கிறாரே” என்பார்கள். பழனிச்சாமியா, முருகனா, தண்டபாணியா, வேலாயுதமா என்று நாம் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். எந்தப் பெயருக்குத் தலை ஆடுகிறதோ அதை எழுதிக்கொள்ள வேண்டியதுதான். வெயில் ஏறிப்போனால் பாதித் தலையாட்டலையே முழுசாக எடுத்துக்கொள்வோம்.

பிறந்த தேதியும் அப்படித்தான். பள்ளியில் சேர்க்கும்போது பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொல்வோம். தொட்டால் ஐந்து வயது. ஜூனில் ஐந்து முடிகிற மாதிரி ஒரு தேதி போட்டுக்கொள்வோம். நானே எத்தனையோ பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் உண்டாக்கியிருக்கிறேன். பிற்காலத்தில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் என்னைத் திட்டுவார்கள்.

உருப்படியாகக் கிடைப்பது பத்திரத்தில்தான். ஆன்லைனில் வில்லங்கம் குறிப்பிட்ட வருஷத்திலிருந்துதான் பார்க்க முடியும். அதற்கு முந்தியதற்குச் சார் பதிவாளர் ஆபீஸில் மனுப் போட்டு, கையால் புரட்டித் தேட வேண்டும். நம்மிடம் இருக்கிற 1926 கிரயத்தில் “சேலம் ஜில்லா ஓமலூர் தாலுகா... சின்னசாமி குமாரன் பெருமாள்” என்று இருக்கிறது. அரை நாள் உட்கார்ந்தும் எனக்குப் பிடிபடாத அந்தக் கையெழுத்தை நீ படத்தைப் பெரிதாக்கி ஐந்து நிமிஷத்தில் படித்துவிட்டாய். நாலு வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டேன். அந்த ஐந்து நிமிஷத்தில் பாதி இருந்தால் ஒரு போன் பண்ணலாம் என்று அம்மா சொல்கிறாள். நான் சொல்லவில்லை, அம்மாதான்.

சிக்கல் என்னவென்றால், பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற வழக்கம். என் அப்பா சின்னசாமி, அவர் அப்பா பெருமாள், அவர் அப்பா சின்னசாமி, அதற்கு மேலேயும் பெருமாள். நானும் பெருமாள். வருஷம் போடாத காகிதம் வந்தால் அது எந்தப் பெருமாள் என்று சொல்ல முடியாது. வருஷம் போட்டாலும் பழைய ஆட்கள் சுபகிருது, தாது என்றுதான் சொல்வார்கள். அது அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பி வரும். நம் வம்சத்து முத்தன் தாது வருஷம் கப்பலேறினான் என்று உன் ஆயா சொல்லும். தாது 1876-லும் உண்டு, 1936-லும் உண்டு. ஆனால் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலிக்கு ஆள் ஏற்றுவது 1911-லேயே நின்றுவிட்டது. பஞ்சத்தோடு சேர்த்தே ஆயா சொன்னதால் 1876 என்றே வைத்துக்கொள்.

நேட்டால் கப்பல் பட்டியலில் நீ கண்டுபிடித்த “முத்தன், தந்தை பெருமாள், வயது 22, சேலம்” நம் ஆளாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அடையாளம் இடது முழங்காலில் தழும்பு என்று போட்டிருக்கிறது. காட்டில் வேலை செய்தவன் எவனுக்கு முழங்காலில் தழும்பு இல்லை? ஊர்ப் பெயரை வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறான். அதை வாய்விட்டு நாலைந்து விதமாகச் சொல்லிப் பார். ஆயா பிறந்த பக்கம் பென்னாகரம். 1965-ல் தர்மபுரி தனி மாவட்டமாகப் போய்விட்டதால் அதற்கு அங்கேதான் போய்த் தேட வேண்டும். முழங்கால் வலி குறைந்ததும் போகிறேன்.

பழைய பிறப்புப் பதிவேட்டைப் போன மாதம் பார்த்தேன். என் 1953-ஐத் தேடிப் போனவன், முதலில் 1949-ஐத்தான் எடுக்கச் சொன்னேன். பக்கத்தின் ஓரமெல்லாம் பூச்சி அரித்து, தொட்டால் உதிர்கிறது. மணியக்காரர் தொட்டெழுதும் பேனாவால் எழுதியது. மசி பழுப்பாகிவிட்டது. தகப்பன் பெயர் சின்னசாமி. இனம்: பெண். குழந்தையின் பெயர் என்ற கட்டத்தில் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு இல்லைதான், பெயர் வைக்கும் முன்பே எழுதிவிடுவார்கள். ஆனாலும் அந்தக் காலிக் கட்டத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீஸ் ஆள், “கிடைச்சுதா சார்?” என்று இரண்டு தடவை கேட்டார்.

தாத்தாவின் வாரிசுச் சான்றிதழைப் படம் எடுத்து உனக்கு அனுப்பியது நான்தான். மரத்துக்கு உதவும் என்று, யோசிக்காமல் அனுப்பிவிட்டேன். நீ ஒரே வரி கேட்டாய்: “மலை அத்தை பேர் எங்கப்பா?” நான் பதில் போடவில்லை. பதினாறு வாரம் ஆகிறது.

விட்டுப்போச்சு கண்ணு என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். இரண்டு தாள் கிழித்தாயிற்று. விட்டுப்போகவில்லை. நான்தான் விட்டேன்.

1983-ல் தாத்தா போன மூன்றாம் மாதம். கர்ணம், மணியக்காரர் பதவியை எடுத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது, புதிதாக வந்த கிராம அதிகாரி சின்ன வயசுக்காரர். நம் திண்ணையில் உட்கார்ந்து, முழங்காலில் அட்டையை வைத்து எழுதினார். மனைவி, மகன் இரண்டு பேர் என்று எழுதிவிட்டு, “பெண் வாரிசு உண்டா?” என்று கேட்டார். ஆயா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. நான் “இல்லை” என்றேன். அக்கா புருஷன் வீட்டை விட்டு வந்து ஏழு வருஷம். ஊர் வாய்க்குப் பயந்து நாங்கள்தான் அவளை மலைக்கு, எஸ்டேட் வேலைக்கு அனுப்பியிருந்தோம். ஓமலூர் காட்டை விற்க வேண்டும், அதற்கு அவள் கையெழுத்தைத் தேடிப் போக வேண்டாம் என்பது ஒரு காரணம். சட்டப்படி அவளுக்கும் பங்கு உண்டென்று எனக்கு நன்றாகத் தெரியும், வாத்தியார் இல்லையா. இன்னொரு காரணம், அவள் பெயரை எழுதினால் “கணவர் ஊர் எது?” என்று அடுத்த கேள்வி வரும். ஆயா வெளியே வந்து கைநாட்டு வைத்துவிட்டு உள்ளே போனது. அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

அதோடு முடியவில்லை. 1991-ல் மலை மேலே நாகலூர் பக்கம் ஒரு பள்ளியில் வேலை. கணக்கெடுப்பில் எனக்கு வந்த பகுதியில் அவள் இருந்த லயனும், அதாவது எஸ்டேட் ஆட்களின் வரிசை வீடுகளும், இருந்தது. பிப்ரவரி 28 ராத்திரி, வீடு வாசல் இல்லாதவர்களை எண்ண வேண்டும் என்பதற்காக டார்ச்சை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட், கோயில் திண்ணை எல்லாம் சுற்றி, போர்வைக்குள் சுருண்டிருந்தவர்களைக்கூட எழுப்பிக் கேட்டவன் நான். அப்படி வேலை செய்கிறவன், அந்த லயனை மட்டும் கடைசி வரை தள்ளிப்போட்டேன். போனபோது கூடவே மேற்பார்வையாளர் வந்துவிட்டார். அக்கா அடுப்படியில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துக்கொண்டு எழுந்தாள், ஒன்றும் பேசவில்லை. நானும் யாரோ போலத்தான் கேட்டேன். “பேர் என்னம்மா?” “ராஜாமணி.” குடும்பத் தலைவர், அவள்தான். வேறு ஆள் கிடையாது. மண நிலை என்று கேட்டபோது என் முகத்தையே பார்த்தாள். அந்த ஆள் அப்போது உயிரோடுதான் இருந்தான். பிரிந்து வாழ்பவர் என்று எழுத இடம் இருந்தது. நான் விதவை என்று எழுதினேன். எழுத்தைத் தலைகீழாகப் பார்த்தே படித்துவிட்டாள், ஐந்தாம் வகுப்பு வரை முதல் மார்க் வாங்கினவள். எங்கள் இரண்டு பேருக்கும் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தாள். கிளம்பும்போது, “பாப்பாவுக்கு” என்று உனக்கு நாலு ஆரஞ்சு கொடுத்தாள். யார் கொடுத்தது என்று நீ கேட்டபோது மலை அத்தை என்றேன். அதற்குப் பிறகுதான் உன்னை வருஷத்துக்கு ஒரு தடவை மேலே கூட்டிப்போனேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அவள் பெயரை நான் என் கையால் எழுதிய ஒரே தாள் அதுதான். அதை யாரும் பார்க்க முடியாது.

இறப்புச் சான்றிதழை இந்த மாதம்தான் போய் வாங்கினேன். 2009, நீ அங்கே போன வருஷம். சொன்னது எஸ்டேட் ரைட்டர். தகப்பன் பெயர் சின்னசாமி, ஊர் பெயர், எல்லாம் சரியாக இருந்தது. அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

அம்மா இப்போதுதான் வந்து, இவ்வளவு நேரமாக என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். பத்திர விஷயம் என்றேன். உன் கல்யாணத்துக்கு நான் முகம் கொடுக்காமல் இருந்ததை அம்மா இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். அதனால் நீ சில விஷயங்களை என்னிடம் சொல்லத் தயங்குவாய் என்கிறாள். இருக்கலாம். நான் ஒன்றும் கேட்கவில்லை. உன் முகவரியில் யார் பெயர் இருக்கிறது, இல்லை என்பது உன் விருப்பம். பேரன் நன்றாகச் சாப்பிடுகிறானா? குளிருக்குக் காதை மூடச் சொல்.

மரத்தில் இப்படி எழுது. தாத்தா சின்னசாமி, ஆயா பாப்பாத்தி. கீழே முதலில் ராஜாமணி, 1949. அப்புறம் நான், அப்புறம் சித்தப்பா. அவள் பக்கத்தில் கணவர் பெயருக்குக் கட்டம் இருந்தால் விட்டுவிடு. பேரன் யாரென்று கேட்டால் என் அக்கா என்று சொல், மீதியை நான் நேரில் சொல்கிறேன்.

மாடி அறையை வாடகைக்குக் கேட்டு ஒருத்தர் இரண்டு தடவை வந்தார். கொடுக்கவில்லை. பொங்கலுக்கு அதற்கும் சேர்த்துத்தான் வெள்ளையடித்தோம். மார்ச் கடைசியில் ஒரு மழை விழுந்தால் மேலே காப்பிப் பூ வெள்ளையாகக் கிடக்கும், பேரன் பார்த்ததில்லை. அவனுக்கு லீவு எப்போது என்று மட்டும் ஒரு வரி போடு. எத்தனை டிக்கெட் என்பதையும் நீயே எழுது, நான் போட்டுவிடுகிறேன். ராத்திரியில் தனியாக வண்டி ஓட்டாதே.

இப்படிக்கு,
அப்பா