பின்னால் எத்தனை வண்டி வருகிறது?

மொரீஷியஸ் தீவின் தெற்கே, சவான் பக்கத்துக் கரும்புத் தோட்டப் பாதைகளில் குவாட் என்னும் நான்கு சக்கரத் திறந்த வண்டிகளில் சுற்றுலா நடத்தும் நிறுவனத்தாருக்கும், விடுமுறை நாட்களில் மோட்டார் சைக்கிளோடு அங்கே வரும் தம்பிமாருக்கும் வணக்கம்.

போன வாரம் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆகவே ஒன்றை மட்டும் சொல்கிறேன். தலையில் புல்லுக்கட்டோடு வந்த என் பெரியம்மா, சத்தம் கேட்டதும் ஒதுங்கித்தான் நின்றார். முதல் வண்டி போயிற்று. அவ்வளவுதான் என்று பாதையில் கால் வைத்தார். புழுதிக்குள்ளிருந்து அடுத்தது வந்தது. கட்டைப் போட்டுவிட்டுக் கரும்புக்குள் விழுந்ததால் பிழைத்தார். கரும்புத் தோகை கிழித்த முகத்தோடும் கட்டுப்போட்ட மணிக்கட்டோடும் வீட்டில் இருக்கிறார். மாட்டுக்குப் புல் அறுக்க இப்போது ஆளில்லை.

பின்னால் இன்னும் வண்டி வருகிறது என்று முன்னால் போனவர் சொல்லியிருந்தால் அவர் ஓரத்திலேயே நின்றிருப்பார். இதற்கென்று ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. எதிரே ஆளைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, பின்னால் வரும் வண்டிகளின் எண்ணிக்கையை விரல்களால் காட்டுவார்கள். கடைசியில் வருபவர் கையை மூடிக் காட்டுவார். இதற்குப் பணம் வேண்டாம், அனுமதி வேண்டாம். உங்கள் வழிகாட்டி முன்னாலேயே போய்விடுகிறார். அன்றுதான் முதன்முதலாகக் குவாட்டில் ஏறிய பயணி வாலில் வருகிறார். அவருக்குப் பின்னால் அனுபவமுள்ள இன்னொருவரை அனுப்புங்கள்.

ஜூனில் வெட்டு தொடங்குவதற்கு முந்திய மாதங்களில் கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நிற்கும். திருப்பத்தில் யார் வருகிறார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அங்கே நடை வேகத்தில் வாருங்கள், ஹாரன் அடியுங்கள். மழைக்காலத்தில் சேற்றைச் சுற்றிப் போகாதீர்கள்; அப்படிப் போய்ப் போய்ப் பாதை அகலமாகி, சிறு விவசாயியின் கரும்பு வரிசைதான் நசுங்குகிறது. தைப்பூசத்துக்கு விரதமிருந்து வெறுங்காலோடு ஆற்றங்கரைக்குப் போகிறவர்கள் மேல் சரளைக்கல் தெறிக்கக் கூடாது என்பதையும் நாங்கள் கேட்டுத்தான் வாங்க வேண்டுமா?

கடற்கரைக்கு இறங்கும் வழிகளில் விடுதிச் சுவர்கள் நெருக்குகின்றன. கால்நடையாகப் போகிறவன் என்றால் ஒதுங்கிப் போக வேண்டியவன் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். எங்கள் முன்னோர் கரும்பு வெட்டப் போய்வந்த பாதையிலும் நாங்களே ஒதுங்க வேண்டும் என்றால் வேறு எங்கே நடப்பது?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொழில் நடக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அதில் வேலை கிடைக்கிறது. வண்டியை எடுத்துப்போகச் சொல்லவில்லை. நடப்பவரைக் கண்டால் வேகத்தைக் குறையுங்கள், பின்னால் எத்தனை வண்டி என்று கை காட்டுங்கள். மாடு வந்தால் அது கடக்கும்வரை எஞ்சினை நிறுத்துங்கள். பயணிகளுக்கு ஹெல்மெட் மாட்டிவிடும் நேரத்திலேயே இந்தக் கை சைகையையும் சொல்லிக்கொடுங்கள். அடுத்த சனிக்கிழமைக் குழு கிளம்பும் முன்பே தொடங்கிவிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.