பெர்லினில் பயணச்சீட்டு வாங்கினால் மட்டும் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

விடுமுறைக்கு முதன்முறையாக பெர்லின் செல்லும் நம்மவர்கள் கவனத்திற்கு. அங்குள்ள ரயில் நிலையங்களில் நம் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் நிலையங்களைப்போல் தடுப்புக் கதவு கிடையாது. இயந்திரத்தில் வாங்கிய காகிதச் சீட்டை, ஏறுமுன் நடைமேடையிலுள்ள சிறிய மஞ்சள் அல்லது சிவப்புப் பெட்டியில் செருக வேண்டும். ‘டக்’கென்று நேரமும் நிலையமும் அச்சாகும். முத்திரை இல்லாவிட்டால், சீட்டு கையிலிருந்தும் 60 யூரோ அபராதம். சாதாரண உடையில் வரும் பரிசோதகரிடம் “தெரியாது” என்றால் எடுபடாது. ஒற்றைப் பயணச்சீட்டு 2 மணி நேரம் செல்லும், ஆனால் அதிலேயே திரும்பி வர முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பேரங்காடிகள் பெரும்பாலும் மூடியிருக்கும். அரிசி, பால், தயிரைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். காலி பிளாஸ்டிக் போத்தலை எறியாதீர்கள், கடை இயந்திரத்தில் போட்டால் 25 செண்ட் திரும்பக் கிடைக்கும்.

பயண முகவர்கள் இதையெல்லாம் புறப்படுமுன்பே தமிழில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்